கருமருந்து ரிவால்வர் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, எச்-1பி விசாவில் ஒஹையோவுக்கு வந்து எட்டு மாதமாகிறது என்றும், உடன் வேலை செய்பவர் கையில் கொடுத்த, கருமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்தில் சுடும் பழங்காலத்து ரிவால்வரைச் சுட்டுப் பார்த்ததிலிருந்து அதே போல் ஒன்று வாங்க ஆசையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். சட்டப்படி வாங்கலாமா, பராமரிப்பது கடினமா என்ற இரண்டு கேள்விகளில், பலரும் முதலாவதற்கே அஞ்சுகிறார்கள். இந்தத் துப்பாக்கியைக் கைவிட வைப்பதோ இரண்டாவதுதான்.

நம்மைப் போல் தற்காலிக விசாவில் வருபவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. 1898-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்யப்பட்டவையும், கேப் (அடித்தால் பொறி தரும் சிறு செப்பு மூடி) வைத்துச் சுடும் அக்கால ரிவால்வர்களின் இன்றைய நகல்களும் அந்தச் சட்டத்தின் பார்வையில் 'துப்பாக்கி' ஆகா. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. உலோகத் தோட்டா போடும்படி உருளையை (மருந்தும் குண்டும் இடும் அறைகள் கொண்ட சுழலும் பகுதியை) மாற்றிவிட்டால் கூட்டாட்சி விலக்கும் போய்விடும். சுடும் மைதானத்தில் நண்பர் ஆசையாக நீட்டும் நவீனக் கைத்துப்பாக்கியை வாங்கி ஒரு முறை சுட்டாலும் உங்களுக்குச் சிக்கல்தான். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். என் சொல்லை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

வாங்குவதானால், ரெமிங்டன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1858 மாதிரியின் நகலையே சொல்வேன். 1858 என்பது காப்புரிமை ஆண்டு. அந்த மாதிரி பெருமளவில் வெளிவந்தது அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில், 1863-க்குப் பின்னர்தான். இன்றைய நகல்களில் பெரும்பாலானவை இத்தாலியின் பிரெஷா மாவட்டத்திலிருந்து வருகின்றன. அதன் போட்டி நிறுவனமான கோல்ட்டின் மாதிரிகள் கண்ணுக்கு அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றின் உருளையை எடுக்க ஆப்பைத் தட்டிக் குழலையே கழற்ற வேண்டும், ரெமிங்டனிலோ அச்சை முன்னால் இழுத்தால் உருளை கையோடு வந்துவிடும். விலை குறைவு என்று பித்தளை உடற்சட்டம் (frame) கொண்டதை வாங்காதீர்கள். நாளடைவில் அது நெகிழ்ந்து போகும்.

மருந்து கெட்டிக்கும் முறையை உங்கள் நண்பர் காட்டியிருப்பார், எனினும் சில இடங்களில் அவசரம் கூடாது. உருளையின் அறைகளில் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, வெற்று அறைகளிலேயே ஒரு சுற்றுக் கேப் வெடித்தால் நிப்பிள்களின் (கேப்பை மாட்டும் சிறு குழாய்களின்) துளைகள் உலரும். குடுவையிலிருந்து மருந்தை நேராக அறைக்குள் கொட்டக் கூடாது, ஒரு பொறி மீந்திருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அளவுக் குழலில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். .44 ரிவால்வருக்கு நான் 25 கிரெயினை (மருந்தை அளக்கும் சிறு எடை அலகு) தாண்டுவதில்லை. அதன் மேல் மெழுகும் கொழுப்பும் ஊறிய கம்பளி வட்டு, அதன் மேல் அறையைவிடச் சற்றே பெரிய ஈயக்குண்டு. நெம்புகோலால் அழுத்தும்போது குண்டின் விளிம்பில் மெல்லிய ஈய வளையம் சீவப்பட்டு விழுந்தால் அறை இறுக அடைபட்டிருக்கிறது என்று பொருள். இறுக்கம் குறைந்தால் ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைகளுக்கும் தாவிவிடும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் இருக்கலாகாது. கேப்பைக் கடைசியாக, சுடும் கோட்டில் நின்று, குழல் இலக்கைப் பார்த்திருக்கும்போதுதான் மாட்ட வேண்டும். குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தியல்) விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடமாவது குழலைத் திருப்பாமல் நில்லுங்கள். புகையில்லா நவீன மருந்தை ஒரு சிட்டிகை கூடப் போடக் கூடாது. இந்த உருளை அந்த அழுத்தத்தைத் தாங்காது.

புகை வாடை நம்மூர்த் திருவிழாவில் போடும் அதிர்வேட்டை நினைவூட்டும், அதோடு இன்பம் முடிந்தது. எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் திட வடிவில் மிஞ்சுகிறது. அந்தக் கசடில் உள்ள பொட்டாசியம் உப்புகள், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது போல, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். முதல் கோடையில், களைப்பாக இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று துப்பாக்கியைப் பெட்டியிலேயே விட்டுத் தூங்கினேன். மறுநாள் உருளை சுற்றவில்லை; குழலுக்குள் செம்மண் நிறம்; துரு பிடித்த நிப்பிள் ஒன்று திருகும்போது உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

கசடு நீரில் கரையக்கூடியது என்பதால் சோப்பு கலந்த வெந்நீரைவிடச் சிறந்த வழி இதற்கு இல்லை. கடையில் விற்கும் விலையுயர்ந்த திரவங்களை வாங்கிக் குவித்துவிட்டு நானும் அங்கேயே திரும்பி வந்தேன். மரக் கைப்பிடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, உருளையையும் நிப்பிள்களையும் தனித்தனியே ஊறப்போட்டு, குழலைத் தூரிகையால் நீர் தெளியும்வரை தேயுங்கள். அழுகிய முட்டை நாற்றம் எழும், அது கந்தகத்தின் வேலை. கேப்பின் செப்புத் துணுக்குகள் உள்ளே விழுந்து விசையைப் பிடித்துக்கொள்வதால், சில முறை சுட்ட பின் உடற்சட்டத்தையும் முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுக்ககத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: அந்த நீரில் ஈயம் இருக்கிறது, எனவே சமையலறைத் தொட்டியும் பாத்திரமும் வேண்டாம், தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவியதும் முடி உலர்த்தியால் சூடாக்கி, ஒவ்வொரு துளையிலும் ஈரம் போன பிறகே எண்ணெய் இட வேண்டும். மறுநாள் காலை வெள்ளைத் துணி ஒன்றைக் குழலுக்குள் விட்டு எடுங்கள். அது பழுப்பாக வந்தால் மீண்டும் வெந்நீர் வைக்க வேண்டியதுதான்.