குறுவைக் கணக்குக்கு எந்த டேட்டாபேஸ்?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். நெல் கொள்முதல், விற்பனை பில் எல்லாம் எக்செல்லில் பத்து லட்சம் வரியை நெருங்குகிறது, திறக்கவே திணறுகிறது. இன்-மெமரி டேட்டாபேஸ்தான் வேகம் என்கிறார் மைத்துனர், எம்பெடட் போதும் என்கிறார் கணக்கர். எது சரி?

பதில்: நான் கணக்கர் கட்சி. எக்செல் ஷீட் 10,48,576 வரியோடு நின்றுவிடும், அதனால் மாறித்தான் ஆகவேண்டும். ஆனால் இரண்டும் எதிரெதிர் ரகம் இல்லை: தனி சர்வர் இல்லாமல் புரோகிராமுக்குள்ளேயே ஓடுவது எம்பெடட், தரவை ரேமில் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில்) வைத்துக்கொண்டு வேலை செய்வது இன்-மெமரி. எஸ்க்யூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸ் எம்பெடட்தான், அதையே முழுக்க ரேமிலும் ஓட்டலாம். ரேமில் மட்டும் இருப்பது கரண்ட் போனால் போச்சு. ஐப்பசி மழையில் நம்ம ஊர் கரண்டைப் பற்றி நான் சொல்லணுமா?

பில் போட எஸ்க்யூலைட் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை அலசுவதற்கு டக்டிபி (DuckDB) என்ற டேட்டாபேஸ். 2019-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையம் ஒன்றிலிருந்து வந்தது, இலவசம், இதுவும் எம்பெடட்தான், எஸ்க்யூலைட் ஃபைலையே நேராகப் படிக்கும். 'குறுவையில் ஏடிடி 43 ரக நெல் மூட்டை சராசரி என்ன விலை' என்று கேட்டால், எஸ்க்யூலைட் வரிவரியாக முழு பில்லையும் புரட்டும். டக்டிபிக்குள் தரவை ஏற்றிவிட்டால், அது பத்தி பத்தியாக (எக்செல்லில் மேலிருந்து கீழே போகும் column மாதிரி) சேமிப்பதால் பருவம், ரகம், விலை மூன்றை மட்டும் எடுத்துப் பார்க்கும். வேகம் அங்கேதான் வருகிறது, ரேமை விடப் பெரிய தரவையும் சமாளிக்கும். ஒரு குறை: ஒரு டக்டிபி ஃபைலில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் எழுத முடியும்.

மைத்துனர் சொல்வது, நூறு பேர் ஒரே நேரத்தில் நொடிக்கு நொடி நிலவரம் பார்க்கும் கம்பெனிக்குச் சரி.