அப்பா பிள்ளைகளுக்குத் தரும் காசால் பெனிபிட் வெட்டுப்படுமா?

கேள்வி: அக்கா, நானும் கணவரும் பிரிந்து எட்டு மாதமாகிறது. ஒன்பது வயதில் ஒரு மகன், ஐந்து வயதில் ஒரு மகள், இரண்டு பேரும் என்னோடுதான். கடையொன்றில் வாரம் இருபது மணித்தியாலம் வேலை செய்கிறேன், அதோடு யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிக் காசும் வருகிறது. அவர் நினைத்த மாதம் 150, 200 பவுண்டு கையில் தருவார், சில மாதம் ஒன்றுமே இல்லை. ஒழுங்காகத் தாருங்கள் என்று கேட்டால், "நான் தந்தால் உனக்கு வாற பெனிபிட்டை வெட்டிப்போடுவாங்கள், பிறகு என்னைக் குறை சொல்லாதை" என்கிறார். என் மாமியும் அதையேதான் சொல்கிறா. இதுவரை வாங்கிய காசைப் பற்றி நான் எங்கேயும் சொல்லவில்லை. பிடிபட்டால் என்ன ஆகும்? போன மாதம் மகனுக்கு ஒரு சைக்கிளும் வாங்கிக் கொடுத்தார், அதையும் சொல்ல வேணுமா? இரவில் நித்திரையே வருவதில்லை. பெயர் போட வேண்டாம்.
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: தங்கச்சி, முதலில் நித்திரைக்கு ஒரு வழி பண்ணுவோம். பிள்ளைகளின் செலவுக்கென்று அப்பா தரும் காசு, அதாவது சைல்ட் மெயின்டனன்ஸ், யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் வருமானமே இல்லை. ஐம்பது பவுண்டு தந்தாலும் ஐந்நூறு தந்தாலும் அதற்காக ஒரு பென்னிகூட வெட்டமாட்டார்கள். பிள்ளைகளுக்காக அரசாங்கம் தரும் சைல்ட் பெனிபிட்டையும் அது தொடாது. பெனிபிட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்களே, அந்தக் கணக்கிலும் இந்தக் காசு சேராது. ஆகவே நீங்கள் எதையும் ஒளிக்கவில்லை, பிடிபடுவதற்கும் ஒன்றுமில்லை.

மாமியைக் கோபிக்காதீர்கள், அவ சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 1993இல் தகப்பன்மாரிடம் பிள்ளைச் செலவை அறவிட சைல்ட் சப்போர்ட் ஏஜென்சி என்று ஒன்றைத் தொடங்கியபோது, அரசாங்க உதவியில் இருந்த தாய்மாருக்குத் தகப்பன் கட்டிய காசு பெரும்பாலும் அவர்கள் கைக்கு வரவில்லை. தகப்பன் ஒரு பவுண்டு கட்டினால் உதவியில் ஒரு பவுண்டைக் குறைத்துவிடுவார்கள், கடைசியில் இலாபம் அரசாங்கத்துக்குத்தான். பிறகு கொஞ்சம் தளர்த்தி, 2008 கடைசியில் வாரம் 20 பவுண்டு வரைக்கும் விட்டுவைத்தார்கள். 2010 ஏப்ரலில்தான் முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்தார்கள். சட்டம் மாறி இத்தனை வருடமாகியும் அந்தப் பயம் மட்டும் அப்படியே ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்துநிற்கும்போது நானே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், "அவர் தந்தால் கவுண்மெண்ட் வெட்டும், ஏன் வீண் வேலை" என்று. சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பயத்தால் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். உங்களுக்கில்லை, பிள்ளைகளுக்குமில்லை. காசு தராமலிருக்க ஒருவருக்கு நல்ல சாட்டு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, வெட்டமாட்டார்கள் என்பது பாதிப் பதில்தான். அடுத்து, அவர் எவ்வளவு தர வேண்டும்?

நீங்களும் அவரும் பேசி ஒரு தொகையை முடிவுசெய்தால் அதை ஒருவரும் தடுக்கப்போவதில்லை. பேச்சு சரிவராவிட்டால் சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் என்ற அரசாங்கச் சேவை இருக்கிறது, சி.எம்.எஸ். என்பார்கள். முன்பு விண்ணப்பிக்க 20 பவுண்டு கேட்பார்கள், 2024 பெப்ரவரியிலிருந்து அதுவும் இல்லை. அவர்கள் அவரிடம் சம்பளத்துண்டு கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள், வரித் திணைக்களத்திடமிருந்தே அவருடைய போன வரியாண்டு வருமானத்தை எடுப்பார்கள், அதுவும் வரி கழிக்க முன்னம் உள்ள தொகையை. அது வாரம் 200இலிருந்து 800 பவுண்டு வரைக்கும் என்றால் ஒரு பிள்ளைக்கு 12 வீதம், இரண்டு பிள்ளைக்கு 16 வீதம், மூன்றோ அதற்கு மேலோ என்றால் 19 வீதம்.

அவருடைய சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. வாரம் 600 பவுண்டு என்று வைத்துப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகள், 16 வீதம், வாரத்துக்கு 96 பவுண்டு. மாதக் கணக்கில் 416. அவர் மனம் வந்தால் தரும் 150, 200ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் தராத மாதங்களையும் சேர்த்து.

இதில் குறைப்பதற்கும் வழியிருக்கிறது. பிள்ளைகள் அவரிடம் தங்கும் இரவுகளை எண்ணுவார்கள். வருடத்துக்கு 52 இரவு, அதாவது வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு வந்தால் ஏழில் ஒரு பங்கு குறையும், 96 என்பது 82 பவுண்டு சொச்சமாகும். 104 இரவு என்றால் ஏழில் இரண்டு பங்கு. சிலர் சி.எம்.எஸ். கடிதம் வந்த கையோடு திடீரென்று பாசம் பொங்கி, வெள்ளியும் சனியும் பிள்ளைகளை என்னிடம் விடு என்பார்கள். உண்மையாகவே கூட்டிப்போய் வைத்துப் பார்த்தால் மிகவும் நல்லது, பிள்ளைகளுக்கு அப்பா வேணும். வாயால் சொல்லிவிட்டு வராமல் இருந்தால்தான் சிக்கல், அதனால் ஒரு காலண்டரில் எந்த இரவு எங்கே தங்கினார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரே போதும், ஒரு சின்ன வட்டம் போட எவ்வளவு நேரமாகும்? ஆனால் காசு வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு. தரவில்லை என்பதற்காக நீங்கள் பிள்ளையைக் காட்டாமல் இருக்கவும் கூடாது, பிள்ளையைக் காட்டவில்லை என்று சொல்லி அவர் தராமல் இருக்கவும் முடியாது.

அவரே பெனிபிட்டில் இருக்கிறார் என்றால் தொகை மிகவும் சின்னது, பெரும்பாலும் வாரம் 7 பவுண்டுதான். கேட்கவே வெட்கமாக இருக்கும், ஆனாலும் பதிந்துவைப்பது நல்லது, நாளைக்கு அவருக்கு வேலை கிடைத்தால் கணக்கு மாறும். பாதிச் சம்பளத்தைக் கையில் வாங்குகிறவர் என்றால் கதை வேறு. வரித் திணைக்களத்துக்குக் காட்டாத காசு சி.எம்.எஸ். கண்ணுக்கும் தானாகத் தெரியாது. அவருடைய வாழ்க்கைச் செலவுக்கும் காட்டும் வருமானத்துக்கும் ஒத்துவரவில்லை என்று நீங்கள்தான் சொல்லி, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சுலபமான வேலை என்று சொல்லமாட்டேன்.

இதில் நாள் கடத்துவதால் உங்களுக்குத்தான் நட்டம். சி.எம்.எஸ். பழைய மாதங்களுக்குப் போய் வாங்கித் தராது. நீங்கள் விண்ணப்பித்து, அவருக்கு அறிவித்தல் போன பிறகுதான் கணக்குத் தொடங்கும். போன எட்டு மாதம் போனதுதான். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று அவர் ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் ஒரு மாதம் கழன்றுபோகிறது.

தொகை முடிவான பிறகு காசை வாங்க இரண்டு வழி. நேரடியாக அவர் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் இரண்டு பேருக்கும் கட்டணமில்லை. அவர் ஒழுங்காகக் கட்டாவிட்டால் சி.எம்.எஸ். தானே அறவிட்டுத் தரும், ஆனால் அதற்கு அவரிடம் 20 வீதம் கூடுதலாக எடுப்பார்கள், உங்கள் பங்கிலும் 4 வீதம் கழிப்பார்கள். அந்த 96 பவுண்டுக்கு அவர் 115 பவுண்டு 20 பென்ஸ் கட்ட வேண்டிவரும், உங்கள் கைக்கு 92 பவுண்டு 16 பென்ஸ் வரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அமைதியாக அவருக்குக் காட்டிப் பாருங்கள், பல பேருக்கு அதோடு நேரடியாக அனுப்பும் ஞானம் வந்துவிடும்.

எது எப்படியோ, கையில் காசு வாங்குவதை நிறுத்துங்கள். உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், பழைய கூட்டுக் கணக்குக்கு வேண்டாம். அனுப்பும்போது குறிப்பில் 'சைல்ட் மெயின்டனன்ஸ்' என்று போடச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என்றைக்காவது உங்கள் வங்கிக் கணக்கைப் பார்க்கக் கேட்டால், 'வாடகை', 'உனக்கு' என்றெல்லாம் எழுதி வந்த காசுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அதிலும் 'உனக்கு' என்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பிள்ளைகளுக்கென்று இல்லாமல், பிரிந்த மனைவியின் செலவுக்கென்று தரும் ஜீவனாம்சம் வருமானமாகத்தான் எடுக்கப்படும். அதைச் சொல்ல வேண்டும், அதற்குப் பவுண்டுக்குப் பவுண்டு குறைப்பார்கள். மாதம் 200 பவுண்டு உங்களுக்கென்று வந்தால் யுனிவர்சல் கிரெடிட்டில் 200 போய்விடும். அதே 200 பிள்ளைகளுக்கென்று வந்தால் ஒன்றும் போகாது. விவாகரத்து ஒப்பந்தம் எழுதும் நாள் வரும்போது இதை வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள்.

இன்னொரு இடத்திலும் கவனம். வந்த காசு செலவாகாமல் வங்கியில் சேர்ந்தால் அது சேமிப்பு ஆகிவிடும், சேமிப்புக்குச் சட்டம் வேறு. உங்கள் சேமிப்பு மொத்தம் 6,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4 பவுண்டு 35 பென்ஸ் குறைப்பார்கள், 16,000ஐத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட்டே இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அவ்வளவு எங்கே சேரப்போகிறது என்று சிரிப்பீர்கள். ஆனால் சி.எம்.எஸ். தொகையை முடிவுசெய்த பிறகு அவர் கட்டாமல் விட்ட பல வருட நிலுவை ஒரே நாளில் வந்து விழுந்தால் சேரும். 7,000 பவுண்டு சேமிப்பாக நின்றால் மாதம் 17 பவுண்டு 40 பென்ஸ் குறையும், அதற்காக நிலுவையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தெரிவித்துவிட்டு வாங்குங்கள்.

இனி நான் உங்களிடம் ஒரு கேள்வி. பிரிந்ததை யுனிவர்சல் கிரெடிட்டுக்குச் சொன்னீர்களா? இதைக் கடிதத்தில் தேடினேன், இல்லை. முதலில் இரண்டு பேர் பெயரிலும் இருந்த கிளெய்ம் என்றால், பிரிந்ததை உடனே தெரிவித்து உங்கள் பெயரில் தனியாக மாற்றியிருக்க வேண்டும். அவர் தரும் காசைச் சொல்லாதது குற்றமில்லை, பிரிந்ததைச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் பிறகு பிரவுண் கவரில் கடிதம் வரும். சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கே உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னலில் எழுதுங்கள். சைல்ட் பெனிபிட்டும் உங்கள் பெயருக்கு வருகிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் யாரிடம் வளர்கிறார்கள் என்பதற்கு சி.எம்.எஸ். முதலில் பார்ப்பது அதைத்தான், அவர் கணக்குக்கு இன்னும் போய்க்கொண்டிருந்தால் மாற்றுங்கள். வீட்டில் வளர்ந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் கவுன்சில் டாக்ஸில் 25 வீதம் கழிவு உண்டு, கேட்டால்தான் தருவார்கள். அதைவிட, வருமானம் குறைந்தவர்களுக்கென்று உள்ள சலுகை கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும், உங்கள் கவுன்சிலுக்குப் போன் பண்ணி சைல்ட் மெயின்டனன்ஸைச் சேர்ப்பீர்களா என்று நேரடியாகவே கேளுங்கள். படிவங்களை ஒருவரோடு சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இருக்கிறது, இலவசம்.

இதே கடிதத்தை இன்னொரு விதமாக எழுதும் தங்கச்சிமாரும் இருக்கிறார்கள், விசாவில் அரசாங்க உதவி எடுக்கக் கூடாது என்று போட்டிருப்பவர்கள். அவர்களுக்கும் ஒரு வரி: சைல்ட் மெயின்டனன்ஸ் அரசாங்கக் காசு அல்ல, தகப்பனுடைய காசு. அதைக் கேட்பதால் அந்த நிபந்தனையை மீறியதாகாது.

சைக்கிளை மறக்கவில்லை. அதை எங்கேயும் எழுத வேண்டாம், மகன் ஓடட்டும். ஆனால் "சைக்கிள் வாங்கித் தந்தேன்தானே, இந்த மாதக் காசு அதிலேயே கழிந்தது" என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தானாக விரும்பி வாங்கிக் கொடுக்கும் சாமானை சி.எம்.எஸ். மாதக் காசில் கழிக்காது, நீங்களும் கழிக்க வேண்டாம்.