அட்மிரல் பாஸ்கவனும் தேவிக்கோட்டையும்

கேள்வி: தேவிக்கோட்டைப் போரைப் பற்றிப் படிக்கும்போது பாஸ்கவன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் பெயர் வருகிறதே, அவர் யார்? தஞ்சை நாட்டில் அவருக்கு என்ன வேலை?
– வாசகர், கொள்ளிடம்

பதில்: எட்வர்ட் பாஸ்கவன் 1711இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், டிரெகோத்னன் என்னும் பெரும் பண்ணைக்கு உரிய பிரபு குடும்பத்தில் மூன்றாவது மகனாகப் பிறந்தார். குடும்பச் சொத்தும் பட்டமும் மூத்த மகனுக்கே சேரும் என்பதால், இளையவர் இளம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1747இல் பிரெஞ்சுக்காரரோடு நடந்த ஃபினிஸ்டெர் கடற்போரில் தோளில் காயம்பட்ட அவரை, அதே ஆண்டில் கடற்படைக்கும் தரைப்படைக்கும் ஒருசேரத் தலைவராக்கி நம் கடற்கரைக்கு அனுப்பினார்கள்.

1748இல் அவர் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை முற்றுகையிட்டார். பதுங்குகுழிகளைக் கோட்டைக்கு வெகு தொலைவில், சதுப்பு நிலம் குறுக்கிடும் பக்கத்தில் வெட்டியதாலும், நோயும் மழையும் சேர்ந்துகொண்டதாலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து அக்டோபரில் பின்வாங்கினார். 1749 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் வீசிய புயலில் அவருடைய தலைமைக் கப்பலான 'நமூர்' ஐந்நூறுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. அவர் அப்போது கரையில் இருந்ததால் பிழைத்தார்.

தஞ்சைத் தொடர்பும் அந்த ஆண்டில்தான் ஏற்பட்டது. தஞ்சை அரியணையை இழந்த மராத்திய மன்னர் சாகுஜி, தம்மை மீண்டும் மன்னராக்கினால் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலுள்ள தேவிக்கோட்டையைத் தருவதாக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வாக்களித்தார். முதலில் சென்ற படை அதே புயலில் சிக்கிச் சீர்குலைந்து வெறுங்கையுடன் திரும்பியது. இரண்டாவது படை, கம்பெனியின் படைத்தலைவர் லாரன்ஸ் தலைமையில், பாஸ்கவனின் கப்பல்களின் துணையோடு கடல் வழியாக வந்து கோட்டையைப் பிடித்தது. இளம் கிளைவ் முன்னணியில் நின்றார். கோட்டை கைக்கு வந்ததும் கம்பெனி சாகுஜியைக் கைவிட்டு, ஆட்சியிலிருந்த பிரதாபசிம்மருடனேயே உடன்பாடு செய்துகொண்டது. கோட்டையோடு ஆண்டுக்கு 9,000 வராகன் (பொற்காசு) வருமானமுள்ள நிலம் கம்பெனிக்கும், 4,000 ரூபாய் ஓய்வூதியம் சாகுஜிக்கும் என்று முடிவானது. நம்பி வந்தவரை இப்படி விலைபேசி முடித்ததை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. டெல்டாவின் வளத்தின் மேல் கம்பெனி வைத்த முதல் கால் இதுதான் என்பதால், பாஸ்கவன் வாழ்வில் சிறியதான இந்த நிகழ்ச்சி நமக்குப் பெரியதாகிறது.

பாஸ்கவனின் பெரும்புகழ் பின்னரே வந்தது: 1758இல் கனடாவில் பிரெஞ்சுக்காரரின் லூயிபர்க் கோட்டையைப் பிடித்ததிலும், 1759இல் போர்ச்சுகல் கடற்கரையிலுள்ள லாகோஸ் அருகே பிரெஞ்சுக் கடற்படையை வென்றதிலும். டுரூரோ தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். பிடிபட்ட எதிரிக் கப்பல்களால் கிடைத்த பங்குப்பணத்தைக் கொண்டு சர்ரே மாவட்டத்தில் ஹேட்ச்லண்ட்ஸ் பண்ணையை வாங்கி, மாளிகையும் கட்டினார். அங்கேயே 1761 ஜனவரியில், 49ஆம் வயதில் காலமானார்.