ஃபைல் இருக்கிறது, சர்வர் இல்லை என்கிறது: பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கல்

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு ரியாக்ட் புராஜெக்ட் செய்கிறேன். அங்கே நன்றாக ஓடுகிறது. லைனக்ஸ் சர்வரில் பில்ட் செய்தால் மட்டும் ‘ஹெடர்’ என்ற ஃபைலைக் காணோம் என்று நின்றுவிடுகிறது. கோடில் பெரிய எச் போட்டு இம்போர்ட் செய்திருக்கிறேன். ஃபைல் பெயரில் சின்ன எச் இருந்தது. எக்ஸ்ப்ளோரரில் பெயரை மாற்றினேன். கோட் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்கிறது. சர்வரில் அதே பிழை. பயனர்கள் ஏற்றும் படங்களிலும் இதே தலைவலி. எந்த இயங்குதளம் என்று கோடில் பார்த்து, எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கிவிட்டால் தீர்ந்துவிடுமா?

பதில்: முதலில் பில்டை ஓட வைத்துவிடுவோம். எக்ஸ்ப்ளோரரை விட்டுவிட்டு, டெர்மினலில் ‘கிட் எம்வி’ கட்டளைக்குப் பழைய பெயரையும் புதிய பெயரையும் கொடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றாலும் பழைய பெயரையே கொடுக்க வேண்டும், ஏனென்றால் கிட்டின் கணக்கில் இன்னும் அதுதான் இருக்கிறது. ஃபைலுக்கு இது ஒரே கட்டளையில் முடியும். ஃபோல்டர் பெயர் என்றால் அடம்பிடிக்கும். இடையில் வேறொரு தற்காலிகப் பெயருக்கு மாற்றி, அப்புறம் வேண்டிய பெயருக்கு மாற்றுங்கள். முடிந்ததும் ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். அதில் தெரிவதுதான் சர்வருக்குப் போகும் பெயர். எக்ஸ்ப்ளோரரில் தெரிவதை நம்ப வேண்டாம்.

இணையத்தில் தேடினால் ‘கோர்.இக்னோர்கேஸ்’ செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லும் ஆலோசனை நிறைய கிடைக்கும். செய்யாதீர்கள். அந்த செட்டிங் உங்கள் விருப்பத்தைக் குறிப்பதில்லை. டிஸ்க் எப்படி நடந்துகொள்கிறது என்று கிட் தெரிந்து வைத்திருக்கும் தகவல் அது. பொய்த் தகவல் கொடுத்தால் பழைய பெயரையும் புதிய பெயரையும் இரண்டு ஃபைலாகப் பதிவு செய்துகொள்ளும். டிஸ்க்கிலோ ஒன்றுதான் இருக்கும். அதன் பிறகு பிராஞ்ச் மாற்றும்போதெல்லாம் குழப்பம்தான்.

சரி, கிட் ஏன் கண்டுகொள்ளவில்லை? ‘சின்ன எச் ஹெடர் இன்னும் இருக்கிறதா?’ என்று அது விண்டோஸைக் கேட்கிறது. விண்டோஸ் ‘இருக்கிறது’ என்கிறது. பெரிய எச்சோடு இருப்பதையும் அதே பெயராகத்தான் அது பார்க்கும். உள்ளடக்கமும் மாறவில்லை. கிட்டுக்குச் சந்தேகம் வர எந்தக் காரணமும் இல்லை.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம். இயங்குதளத்தைப் பார்த்து முடிவெடுக்கலாமா? கூடாது. எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் இயங்குதளத்தின் குணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தின் குணம். சில நேரம் ஒரே டிஸ்க்கில் ஃபோல்டருக்கு ஃபோல்டர்கூட மாறும்.

விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸால் எழுத்து அளவில் மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் உட்கார்ந்து, புரோகிராம்கள் ஃபைல் கேட்கும் வாசலாக இருக்கும் விண்டோஸ் ஏபிஐதான் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1803 முதல், குறிப்பிட்ட ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ‘இங்கே எழுத்து வேறுபாட்டைப் பார்’ என்று சொல்லும் வசதி வந்துவிட்டது. லைனக்ஸில் இதற்கு நேர் எதிர்: 2019இல் வெளிவந்த கெர்னல் 5.2 முதல் ‘எக்ஸ்ட்4’ ஃபைல் சிஸ்டத்தில் ஒரு ஃபோல்டரை எழுத்து வேறுபாடு பார்க்காததாக ஆக்கலாம். ஆப்பிள் கதை இன்னும் வேடிக்கை. மேக்கின் ஃபைல் சிஸ்டமான ஏபிஎஃப்எஸ் இயல்பாக எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது. ஐபோனில் அதே ஏபிஎஃப்எஸ் பார்க்கும். ஐபோன் ஆப்பை மேக்கிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் மேக்கின் டிஸ்க்கில் ஓடுவதால் அங்கே படத்தைக் காட்டும் ஆப், நிஜ ஐபோனில் வெற்றிடத்தைக் காட்டும். இரண்டும் ஒரே கம்பெனியின் தயாரிப்பு!

ஆக, ‘விண்டோஸ் என்றால் இப்படி, லைனக்ஸ் என்றால் அப்படி’ என்று எழுதும் இஃப் வரி என்றைக்காவது காலை வாரும். தெரிந்துகொண்டே ஆக வேண்டுமென்றால் கிட் செய்வதையே செய்யுங்கள். புதிய ரெப்பாசிட்டரி, அதாவது கிட் கண்காணிக்கும் புராஜெக்ட் ஃபோல்டர், உருவாக்கும்போது அது ‘கான்ஃபிக்’ என்ற ஃபைலை எழுதிவிட்டு, அதே பெயரை ஓர் எழுத்து பெரிது, ஓர் எழுத்து சின்னது என்று மாற்றி மாற்றிப் போட்டு ‘இப்படி ஒன்று இருக்கிறதா?’ என்று அந்த ஃபோல்டரையே கேட்கிறது. இருக்கிறது என்று பதில் வந்தால் இக்னோர்கேஸ் ட்ரூ ஆகிறது. எந்த இயங்குதளம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கும் யோசனைக்கு வருவோம். நீங்களே பெயர் வைக்கும் ஃபைல்கள், அதாவது படங்கள், ஸ்டைல்ஷீட்கள், காம்பொனென்ட்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், சொற்களுக்கு நடுவே ஹைபன். இந்த விதியை டீம் முழுக்கப் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும். காம்பொனென்ட் ஃபைல் பெயர் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது ரியாக்ட் போட்ட சட்டம் இல்லை, வெறும் வழக்கம்தான்.

பிறர் கொடுக்கும் பெயர்களை இயங்கும் நேரத்தில் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுவது வேறு விஷயம். துருக்கி மொழியில் ஐ என்ற லத்தீன் எழுத்தில் புள்ளி உள்ளது, புள்ளி இல்லாதது என இரண்டு உண்டு. ஜாவாவில் மொழி குறிப்பிடாமல் சின்ன எழுத்தாக்கினால், துருக்கி அமைப்பு உள்ள கணினியில் பெரிய ஐ புள்ளியில்லாத சின்ன ஐ ஆகிவிடும், ‘லோக்கேல்.ரூட்’ கொடுத்தால்தான் தப்பலாம். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண ‘டுலோயர்கேஸ்’ அமைப்பைப் பார்ப்பதில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அதுவும் டிஸ்க்கின் கணக்கோடு ஒத்துப்போகும் என்று உறுதியில்லை. என்டிஎஃப்எஸ், டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே எந்த எழுத்துக்கு எது பெரிய எழுத்து என்ற அட்டவணையை அதற்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒப்பிடும்போது அதைத்தான் பார்க்கும், உங்கள் ஃபங்ஷனை அல்ல.

இதில் கோட்டைவிட்டால் பாதுகாப்பே போகும். கிட் தன் சொந்தத் தகவல்களை ‘.கிட்’ என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். ரெப்பாசிட்டரிக்குள் அந்தப் பெயரில் யாரும் எதையும் நுழைக்கக் கூடாது என்று கிட் தடுத்து வைத்திருந்தது. ஆனால் சின்ன எழுத்தில் உள்ள பெயரை மட்டும்தான் தடுத்தது. பெரிய ஜி போட்ட ‘.கிட்’ ஒன்றை யாராவது அனுப்பினால், விண்டோஸிலும் மேக்கிலும் அது உண்மையான ‘.கிட்’ ஃபோல்டருக்குள்ளேயே போய் விழும். அதன் வழியாக உங்கள் கணினியில் விரும்பிய கட்டளையை ஓட்டலாம். 2014 டிசம்பரில் பதிப்பு 2.2.1 உள்ளிட்ட வெளியீடுகளில் ஓட்டையை அடைத்தார்கள். அப்போதைய மேக் ஃபைல் சிஸ்டம் கண்ணுக்குத் தெரியாத சில யூனிகோட் குறிகளையும் புறக்கணித்ததால், அதற்கும் சேர்த்துத் தடை போட வேண்டியிருந்தது.

தமிழில் பெரிய எழுத்தே இல்லையே, தமிழ்ப் பெயர்கள் தப்பித்தன என்று நினைத்தால் அதுவும் இல்லை. ‘கொடி’ என்பதில் உள்ள ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறிக்கு ஒரே குறியீடு, அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகள். திரையில் வித்தியாசமே தெரியாது. லைனக்ஸும் என்டிஎஃப்எஸ்ஸும் அவற்றை இரண்டு ஃபைலாக எடுத்துக்கொள்ளும். ஏபிஎஃப்எஸ் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். பயனர் கொடுக்கும் பெயரை வாங்கியதும் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனால் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, மாற்றிவிட்டுச் சேமியுங்கள், தேடுங்கள்.

பயனர்கள் ஏற்றும் படங்களுக்கு என் யோசனை இன்னும் எளிது: அவர்கள் கொடுத்த பெயரில் டிஸ்க்கில் சேமிக்கவே வேண்டாம். நீங்களே ஒரு யூயூஐடி, அதாவது வேறெதனோடும் மோதாத அடையாள எண், உருவாக்கி அந்தப் பெயரில் சேமியுங்கள். அசல் பெயர் டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டாக இருக்கட்டும், டவுன்லோட் செய்யும்போது அதைக் காட்டினால் போதும். பேஸ்64 மாதிரி பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வரும் ஐடிகளை ஃபைல் பெயராக வைக்காதீர்கள். லைனக்ஸில் தனித்தனியாக இருக்கும் இரண்டு, பேக்கப்பை மேக்கில் விரிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று எழுதப்படலாம். ஜேபிஜியா, பிஎன்ஜியா என்று எக்ஸ்டென்ஷனைச் சோதிக்க மட்டும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடலாம். அது உங்களுக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்கள்தானே.

எப்படியும் பெயரை வைத்துத்தான் வேலை என்றால், ‘இருக்கிறதா?’ என்று பார்த்துவிட்டு அப்புறம் எழுதுவதைத் தவிருங்கள். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடில் ‘டபிள்யூஎக்ஸ்’ ஃப்ளாக் கொடுத்துத் திறந்தால், ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் தொடாமல் பிழை காட்டும். பைத்தானில் ‘எக்ஸ்’ மோட். எது ஒரே பெயர், எது வேறு பெயர் என்று தீர்மானிப்பது அங்கே ஃபைல் சிஸ்டம்தான். இரண்டு பாதைகள் ஒரே ஃபைலுக்குப் போகின்றனவா என்று தெரிய வேண்டுமானால் எழுத்துகளை ஒப்பிடாமல் பைத்தானின் ‘சேம்ஃபைல்’, ஜாவாவின் ‘இஸ்சேம்ஃபைல்’ போன்றவற்றைக் கேளுங்கள். பைத்தானில் ‘நார்ம்கேஸ்’ என்று ஒன்று இருப்பது பலரை ஏமாற்றும்: விண்டோஸில் சின்ன எழுத்தாக்கும், மேக்கில் ஒன்றுமே செய்யாது.

இம்போர்ட் பிழையை லேப்டாப்பிலேயே பிடிக்க வழி உண்டா? டைப்ஸ்கிரிப்டில் ‘ஃபோர்ஸ்கன்சிஸ்டன்ட்கேசிங்இன்ஃபைல்நேம்ஸ்’ என்று நீளமான பெயரில் ஒரு செட்டிங் இருக்கிறது. 5.0 முதல் அது இயல்பாகவே ஆனில் இருக்கும். பழைய பதிப்பென்றால் நீங்களே ஆன் செய்யுங்கள். லேப்டாப்பிலேயே தனி கன்டெய்னருக்குள் புரோகிராம்களை ஓட்டும் டாக்கரில் லைனக்ஸ் ஓட்டிச் சோதித்தால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். லேப்டாப் ஃபோல்டரை கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்தால், அதன் அடியில் இருப்பது விண்டோஸ் அல்லது மேக்கின் ஃபைல் சிஸ்டம்தான். பிழை மறைந்தே இருக்கும். இமேஜுக்குள் காப்பி செய்தாலும் போவது டிஸ்க்கில் உள்ள பெயர், கிட்டில் உள்ள பெயர் இல்லை. எக்ஸ்ப்ளோரரில் மாற்றிய உங்கள் ஹெடர் அந்தச் சோதனையில் ஜோராகத் தேறியிருக்கும். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் லைனக்ஸில் புதிதாக குளோன் செய்து தானாகவே பில்ட் ஓட்டும் ஏற்பாட்டை, அதாவது சிஐ, வைப்பதுதான் நம்பகமான வழி.

அதே சிஐயில், கிட்டில் உள்ள பெயர்களை எல்லாம் சின்ன எழுத்தாக்கி, ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதா என்று பார்க்கும் சிறு ஸ்கிரிப்டையும் சேர்த்துவிடுங்கள். லைனக்ஸ் வைத்திருக்கும் நண்பர் எழுத்து மட்டும் மாறிய இரண்டு ஃபைல்களை கமிட் செய்தால் உங்கள் லேப்டாப்பில் ஒன்றுதான் வந்து சேரும். லைனக்ஸ் கெர்னலிலேயே நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் அப்படிப்பட்ட ஜோடிகள் உண்டு. மேக்கில் குளோன் செய்தால் பெயர்கள் மோதுகின்றன என்று கிட் எச்சரிக்கும்.

உங்கள் புராஜெக்ட்டில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இருக்கிறதா? இருந்தால் அடுத்த அடி அங்கேதான் விழும். டேபிள்கள் டிஸ்க்கில் ஃபைல்களாக இருப்பதால் டேபிள் பெயர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்தாக்கியே சேமிக்கும். குவெரியில் பெரிய எழுத்துப் போட்டாலும் கண்டுபிடித்துவிடும். அங்கிருந்து டம்ப் எடுத்து லைனக்ஸில் ஏற்றினால் டேபிள் சின்ன எழுத்தில் இருக்கும், பெரிய எழுத்து போட்ட குவெரி ‘அப்படி ஒரு டேபிள் இல்லை’ என்று திரும்பும். இதைக் கட்டுப்படுத்தும் ‘லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ்’ செட்டிங்கை மைஎஸ்க்யூஎல் 8இல் சர்வரை முதன்முதலாக இனிஷியலைஸ் செய்யும்போது மட்டுமே வைக்க முடியும். சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், கோடில் உள்ள டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள்.