எந்த நாடு என்று கேட்பதற்கு முன்: பிரேசில் மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்பு – கேள்வி பதில்

சாவோ பாலோ மாநிலத்தின் காம்பினாஸ் நகரில் பதினான்கு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிரேசில் மாணவர்களுக்கு உதவுவதும் என் வேலை. இந்த வாரம் அவர்களும் பெற்றோரும் போர்த்துகீசிய மொழியில் கேட்டவற்றைத் தமிழில் தருகிறேன். தமிழ் வாசகர் ஒருவரின் கேள்வியும் நடுவில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கை: விசா விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அந்தந்த அரசின் தளத்தில் நீங்களே படித்துப் பார்க்காமல் யாரிடமும் பணம் கட்டாதீர்கள்.

பெலோ ஹொரிசோன்ட்டே, 17 வயது மாணவி: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் இளநிலைப் படிப்புக்கு எது சிறந்தது?

நாட்டைப் பிறகு பார்ப்போம். உங்கள் பள்ளிச் சான்றிதழை வைத்து எங்கே நேராக முதலாம் ஆண்டில் சேர முடியும் என்பதே முதல் கேள்வி. பிரேசிலில் மேல்நிலைக் கல்வி மூன்று ஆண்டு. பதினேழு வயதில் முடிகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தச் சான்றிதழோடு முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் மூன்று பாடங்களை மட்டும் எடுத்து ஆழமாகப் படிக்கிறார்கள். அதனால்தான் இளநிலைப் பட்டம் மூன்றே ஆண்டில் முடிகிறது. பதின்மூன்று பாடம் படித்து வரும் பிரேசில் மாணவரிடம் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஓர் ஆயத்த ஆண்டு கேட்கும். "மூன்று ஆண்டுதான், செலவு குறைவு" என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

அந்த ஆயத்த ஆண்டில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பட்டப்படிப்பு மாணவர் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆயத்த ஆண்டு மாணவருக்கு 10 மணி நேரம்தான். அந்த ஆண்டுக்கான விசாவுக்குச் சாதாரண ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு செல்லாது. பிரிட்டன் அரசு ஏற்ற தனித் தேர்வு மையத்தில் எழுதிய ஐஇஎல்டிஎஸ் வேண்டும். கேள்வித்தாள் ஒன்றுதான், சான்றிதழ் வேறு. இது தெரியாமல் இரண்டு முறை தேர்வுக் கட்டணம் கட்டிய குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணத்தையும் விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு ஒரு வசதி உண்டு. அங்கேயும் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. டிசம்பரில் பள்ளி முடித்தவர் ஆண்டை இழக்காமல் போகலாம். ஆனால் மாணவர் விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர். விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

ஃபோர்டலேசா, மாணவர்: எந்த நாட்டின் விசா எளிது?

உங்கள் படிப்புக்கும் உங்கள் வங்கிக் கணக்குக்கும் பொருந்துகிற நாட்டின் விசா.

ரிபெய்ரோவ் பிரேத்தோ, ஒரு தந்தை: மகனை அமெரிக்கா அனுப்ப நான்கு ஆண்டுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் கணக்கின் படத்தைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டில் வாடகை, உணவு, காப்பீடு, ஆண்டுக்கு ஒரு விமான டிக்கெட் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான்கு ஆண்டுக்கும் ஒரு டாலருக்கு 5.40 பிரேசில் ரியால் என்றே வைத்திருக்கிறீர்கள். 2011 ஜூலையில் டாலர் 1.60 ரியாலுக்குக் கீழே இருந்தது. 2024 நவம்பர் இறுதியில் முதல்முறையாக 6 ரியாலைத் தாண்டியது. நீங்கள் ஆண்டுக்கு 20,000 டாலர் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். 5.40 விலையில் அது 1,08,000 ரியால், 6.50 ஆனால் 1,30,000. அந்த 22,000 ரியால் வித்தியாசம் மூன்றாம் ஆண்டில் வந்தால் எங்கிருந்து எடுப்பீர்கள்? பாதியில் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் பாடத்தில் தோற்றுத் திரும்பவில்லை. அந்தப் பக்கத்தை 6.50 என்று வைத்து மறுபடி எழுதுங்கள். அட்டையில் செலவழித்தால் 3.5% வரி உண்டு, அதையும் சேருங்கள். அப்படியும் தாங்கும் என்றால் அனுப்புங்கள்.

ரெசிஃபே, 18 வயது மாணவி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். பட்டச் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். நான் பள்ளிதானே முடித்திருக்கிறேன்?

நீங்கள் 'கிராஜுவேட்' பிரிவில் விண்ணப்பித்திருக்கிறீர்கள். போர்த்துகீசியத்தில் 'கிராதுவசாவ்' என்றால் இளநிலைப் பட்டம். அமெரிக்க ஆங்கிலத்தில் 'கிராஜுவேட்' என்றால் பட்டம் முடித்தவர்களுக்கான முதுநிலை. சென்ற ஆண்டு ஒரு மாணவி என் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து, மூன்று மாதம் உழைத்த கட்டுரையைக் காட்டினாள். அருமையான கட்டுரை. திரையின் மேல் ஓரத்தில் இந்த ஒரு சொல். கடைசி நாளுக்கு நான்கு நாள் இருந்ததால் மாற்றி அனுப்பினோம். நீங்களும் இன்றே அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, இளநிலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

'காலேஜ்' என்ற சொல்லும் அப்படித்தான். பிரேசிலில் 'கொலேஜியு' என்றால் பள்ளி. அமெரிக்காவில் இளநிலைப் படிப்பு எல்லாமே காலேஜ். கனடாவில் பெரும்பாலும் தொழிற்பயிற்சி தரும் தனி வகை நிறுவனம்.

கோயானியா, 19 வயது மாணவர்: அயர்லாந்தின் டப்ளினில் எட்டு மாதம் ஆங்கிலம் படித்து, வேலை செய்து பணம் சேர்த்து, அங்கேயே இளநிலையில் சேர்வதாகத் திட்டம். முகவர் எல்லாம் எளிது என்கிறார்.

தம்பி, உங்கள் கோயாஸ் மாநிலத்துக்கும் அயர்லாந்துக்கும் பழைய உறவு உண்டு. கால்வே மாவட்டத்தின் கோர்ட் என்ற சிற்றூருக்கு அனாபொலிஸ் நகரிலிருந்து இறைச்சித் தொழிற்சாலை வேலைக்குப் பலர் போனார்கள். அந்தச் செய்தி உங்கள் ஊரில் வீடுதோறும் தெரியும். அதனால்தான் இந்த வழி எளிதாகத் தோன்றுகிறது.

விதியைப் பாருங்கள். 25 வார மொழிப் படிப்புக்கு எட்டு மாத அனுமதி. வகுப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேர வேலை. 40 மணி நேரம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் மட்டும். 2026இல் 20 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.15 யூரோ. மாதம் 1,200 யூரோ அளவில் வரும். உங்கள் 19 வயதில் அதைவிடக் குறையலாம். டப்ளினில் அறையைப் பங்கு போட்டுக்கொண்டாலும் வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். பட்டப்படிப்புக் கட்டணமோ, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 யூரோவில் தொடங்கி இரண்டு மூன்று மடங்கு வரை போகும். அதை 20 மணி நேர வேலையில் சேர்க்க முடியாது. உணவு விநியோகம் செய்யலாம் என்று முகவர் சொல்லியிருப்பார். அது சுயதொழிலாகக் கருதப்படும் வேலை. மாணவர் அனுமதியில் சுயதொழிலுக்கு இடமில்லை. பிறர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு விபத்து நேர்ந்தால் கேட்பாரில்லை. 2014, 2015இல் டப்ளினில் பல மொழிப் பள்ளிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. கட்டிய பணத்தோடு மாணவர்கள் தெருவில் நின்றார்கள். முகவருக்குக் கமிஷன் பள்ளியிடமிருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

டப்ளினிலிருந்து ஒருவர்: உங்கள் பதில் இளைஞர்களின் கனவைக் கெடுக்கிறது. என் அண்ணன் 2018இல் இதே வழியில் வந்தார். துப்புரவு வேலை செய்தார், பிறகு படித்தார். இன்று கணினித் துறையில் நல்ல வேலையில் இருக்கிறார். மொழியை வாழ்ந்துதான் கற்க முடியும்.

உங்கள் அண்ணனின் உழைப்பை மதிக்கிறேன். ஒன்று கேட்கிறேன்: அங்கே அவர் படித்தது இளநிலையா, முதுநிலையா? வரும்போது கையில் பட்டம் இருந்ததா?

மொழி பற்றி: 2011இல் பிரேசில் அரசு 'எல்லையற்ற அறிவியல்' திட்டத்தைத் தொடங்கியது. 1,01,000 உதவித்தொகை என்பது இலக்கு. ஆங்கிலத் தேர்வைத் தவிர்க்க ஏராளமானோர் போர்ச்சுகலைத் தேர்ந்தெடுத்தார்கள். 2013இல் அரசு போர்ச்சுகலை இளநிலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டவர்களில் 110 பேர் தேவையான ஆங்கிலத் தேர்ச்சி பெறாமல் 2014இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பிரேசிலியரோடு அறையில் தங்கி, பிரேசிலியரோடு சமைத்து, எட்டு மாதத்தில் பல்கலைக்கழக ஆங்கிலம் வந்துவிடாது.

அதே டப்ளின் வாசகர்: அண்ணன் கோயாஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பட்டம் முடித்துவிட்டு வந்தார். இங்கே படித்தது முதுநிலை. ஆனால் அதனால் என்ன?

எல்லாமே அதனால்தான்! அவர் ஒரே ஓர் ஆண்டுக் கட்டணம் கட்டினார். முதுநிலை முடித்தவருக்கு அயர்லாந்து வேலை தேட இரண்டு ஆண்டு வரை தருகிறது. இளநிலை முடித்தவருக்கு ஓர் ஆண்டுதான். கையில் பிரேசில் அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டணமில்லாப் பட்டம், அதன் மேல் ஓர் ஆண்டுச் செலவு. கோயானியாத் தம்பிக்கு முன்னால் இருப்பது நான்கு ஆண்டுக் கட்டணமும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும். இரண்டும் ஒரே வழி என்று அவரிடம் சொல்லாதீர்கள்.

உபெர்லாண்டியா, ஒரு தாய்: அப்படியென்றால் என் மகள் இங்கேயே கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, முதுநிலைக்கு வெளியே போகலாமா?

ஆம் அம்மா. வசதி குறைந்த குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது அதுதான். இங்கே படிக்கும் நான்கு ஆண்டுகளில் அன்றாடம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் படித்தால் போதும். பிரிட்டனில் முதுநிலை பெரும்பாலும் ஓர் ஆண்டு. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் இருந்தால் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பிரேசிலியர்களுக்கு அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டும் உண்டு. கனடாவில் 2026 ஜனவரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழக முதுநிலை மாணவர்களுக்கு, மாணவர் அனுமதிக்காக மாகாண அரசு தரும் ஒப்புதல் கடிதம் தேவையில்லை. இளநிலை மாணவர்களுக்குத் தேவை.

சென்னை வாசகர்: பிரேசிலில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே இல்லை என்கிறீர்கள். பிறகு ஏன் பணம் செலவழித்து வெளியே போகிறார்கள்?

இடம் கிடைப்பது கடினம். எனெம் என்ற தேசியத் தேர்வோ, சாவோ பாலோ பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் தனி நுழைவுத் தேர்வோ எழுத வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்குப் போட்டி கடுமை. இடம் கிடைத்தவர்களில் சிலருக்கு வேறு ஏக்கம். இங்கே முதல் நாளே துறையைத் தேர்ந்துவிட வேண்டும். அமெரிக்காவில் இரண்டு ஆண்டு பல பாடங்களைச் சுவைத்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த ஏக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

சாவோ பாலோ, மாணவர்: எனக்கு இத்தாலியப் பாஸ்போர்ட் இருக்கிறது. அயர்லாந்தில் கட்டணம் இல்லைதானே?

பாஸ்போர்ட் மட்டும் போதாது. கடந்த ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டாவது ஐரோப்பிய ஒன்றியப் பகுதியிலோ பிரிட்டனிலோ வாழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் வாழ்ந்தது சாவோ பாலோவில். ஆனால் மணி நேரக் கட்டுப்பாடின்றி அயர்லாந்தில் வேலை செய்யலாம். அது பெரிய பலம். பிரிட்டனில் அந்தப் பாஸ்போர்ட்டால் 2021 முதல் கட்டணச் சலுகை இல்லை.

குரிச்சிபா, மாணவர்: எளிதாக விசா கிடைக்கும் நாடு எது?

மேலே பதில் இருக்கிறது.

மனாவுஸ், மாணவி: ஆங்கில நாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பினால்?

வெளிநாட்டு மருத்துவப் பட்டத்தை ஏற்பதற்கான ரெவாலிதா தேர்வில் தேறாமல் இங்கே மருத்துவராக முடியாது. அமெரிக்காவில் மருத்துவமே பட்டத்துக்குப் பிறகுதான். இங்கே தொழில் செய்ய விரும்பினால் இங்கேயே படியுங்கள். சட்டத்துக்கும் இதே பதில். இங்கிலாந்தின் சட்ட முறை வேறு, பிரேசிலின் முறை வேறு. மற்றப் பட்டங்களையும் இங்கே செல்லுபடியாக்க, அதே படிப்பை நடத்தும் பிரேசில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்க வேண்டும். போவதற்கு முன்பே இதைக் கேட்டுவையுங்கள்.

பெலேம், மாணவர்: கனடாவில் படித்தால் குடியுரிமை நிச்சயம் என்று முகவர் சொல்கிறார்.

நிச்சயம் என்ற சொல்லை எந்த முகவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். 2024இல் கனடா மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில், பிரேசிலியர்களும் பயன்படுத்திய விரைவு விசாத் திட்டத்தை மூடியது. கல்விக் கட்டணத்தையும் பயணச் செலவையும் தவிர்த்து ஒருவர் காட்ட வேண்டிய தொகை 2025 செப்டம்பரிலிருந்து 22,895 கனடிய டாலர். மூன்று ஆண்டுக்கு முந்தைய கனடாவை அவர் உங்களுக்கு விற்கிறார்.

சல்வதோர், மாணவர்: எந்த நாட்டுக்கு விசா...

இனி இந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுத மாட்டேன். மன்னிக்கவும்.

பெர்னாம்புகோ மாநிலத்தின் உட்பகுதி, 15 வயது மாணவி: அரசுப் பள்ளியில் முதலாம் ஆண்டு மேல்நிலை. அம்மா தையல் வேலை செய்கிறார். அமெரிக்காவில் படிக்க ஆசைப்படலாமா?

ஆசைப்படுங்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆமெர்ஸ்ட், டார்ட்மத், போடோயின், பிரவுன் ஆகியவை வெளிநாட்டு மாணவரைத் தேர்வு செய்யும்போது பண வசதியைக் கணக்கில் கொள்வதில்லை. சேர்த்துக்கொண்டால் குடும்பத்தால் முடியாத தொகையை முழுவதும் ஈடுசெய்கின்றன. இடம் மிகக் குறைவு. மற்றப் பல பல்கலைக்கழகங்களில் உதவி கேட்டால் தேர்வு வாய்ப்பு குறையும். அதனால் எனெம் தயாரிப்பை ஒரு நாளும் விடாதீர்கள்.

அமெரிக்க அரசின் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையம் உங்கள் மாநிலத் தலைநகர் ரெசிஃபேயில் இருக்கிறது, ஆலோசனை இலவசம். திறமையும் வறுமையும் உள்ள மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம் போன்றவற்றை ஏற்கும் திட்டமும் அவர்களிடம் உண்டு. 1991இல் தொடங்கிய எஸ்துதார் அறக்கட்டளையின் உதவித்தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் பள்ளி அலுவலகத்தில் உங்கள் மதிப்பெண் பதிவின் நகலைக் கேட்டு வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே திருத்துவது எளிது. வாங்கியதும் எனக்கு எழுதுங்கள். அடுத்தது என்ன என்று சொல்கிறேன்.