அப்பா ஏபி, மகள் ஓ: வினா-விடைக் கட்டு கிளப்பிய பயம்

கேள்வி: வியாசர்பாடியில் இருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. மரபியல் தாளில் அரியர். திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் வாங்கிய வினா-விடைக் கட்டில், ‘தந்தை ஏபி வகை என்றால் ஓ வகைக் குழந்தை பிறக்கவே பிறக்காது’ என்று இருக்கிறது. என் அப்பா ஏபி பாசிட்டிவ், அம்மா பி பாசிட்டிவ். போன மாதம் கல்லூரி லேபில் பார்த்தபோது எனக்கு ஓ பாசிட்டிவ் வந்தது. வீட்டில் கேட்கப் பயமாக இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துத் தருவதாக இன்ஸ்டாகிராமில் ஒருவர் சொல்கிறார். இன்னொன்று, 6,000 ரூபாய் கட்டினால் ‘ஷ்யூர் கொஸ்டின்’ கொடுத்து அரியரை க்ளியர் பண்ணித் தருவதாக ஒரு சென்டரில் சொல்கிறார்கள். பரிணாமம், உடலியங்கியல் எல்லாம் அடுத்து வருகின்றன. சேரலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் வீட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். அது மனதில் கிடக்கும்வரை படிப்பு ஏறாது.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது உங்கள் அம்மா மேல் இல்லை. உங்கள் கல்லூரி லேபில் ரத்த வகை பார்க்க வைத்திருக்கும் மருந்து (ரீஏஜென்ட்) பாட்டில் மேல்தான்.

அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்லைடில் மூன்று சொட்டு ரத்தம். ஒன்றின் மேல் நீல நிற ஆன்டி-ஏ, அடுத்ததன் மேல் மஞ்சள் நிற ஆன்டி-பி, மூன்றாவதில், பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்க, நிறமில்லாத ஆன்டி-டி. குச்சியால் கலக்கி, ஸ்லைடை லேசாக ஆட்டிப் பார்த்தீர்கள். நீலத்தில் பொடிப்பொடியாகத் திரிந்தால் ஏ, மஞ்சளில் திரிந்தால் பி, இரண்டிலும் திரிந்தால் ஏபி. இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. கவனியுங்கள், ‘ஓ’ என்பதற்கென்று தனியாக ஒன்றும் தெரிவதில்லை. எதுவும் நடக்காததைத்தான் ஓ என்று எழுதிக்கொள்கிறோம். மருந்து வேலை செய்யாவிட்டாலும் எதுவும் நடக்காது.

அந்தப் பாட்டில்கள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. கல்லூரிகளில் அவை எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். பிராக்டிகல் அன்று காலையில் மேஜைக்கு வந்து, நான்கு பேட்ச் முடியும்வரை சென்னை வெயிலில் கிடந்து, சாயங்காலம் யாராவது ஞாபகம் வைத்திருந்தால் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பும். புதுப் பாட்டில் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கிற நிர்வாகத்துக்கு, பழைய பாட்டிலில் இருக்கும் காலாவதித் தேதியைப் படிக்க மட்டும் நேரம் இருக்காது. உங்கள் அப்பா ஏபி, அம்மா பி என்றால் நீங்கள் ஏ, பி, ஏபி மூன்றில் ஒன்றாக இருக்கலாம். நீங்கள் ஏ வகை என்றால், அந்த நீலப் பாட்டில் ஒன்று வீரியம் இழந்திருந்தால் போதும். ஸ்லைடில் நீங்கள் ஓ ஆகிவிடுவீர்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். அன்றைக்கு அதே பாட்டில்களை வைத்துப் பார்த்த தோழிகளுக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். யாருக்குமே ஏ வரவில்லை, அல்லது யாருக்குமே பி வரவில்லை என்றால் எந்தப் பாட்டில் செத்தது என்று தெரிந்துவிடும். உண்மையில் சோதனைக்கு முன்னால் ஏ என்றும் பி என்றும் உறுதியாகத் தெரிந்த ரத்தத்தை வைத்துப் பாட்டிலைச் சரிபார்த்திருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கவே செமஸ்டர் போய்விடுகிறது. சரிபார்ப்பதை யார் கற்றுக் கொடுப்பது?

அப்பாவின் ‘ஏபி’ எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். கம்பெனி ஐ.டி. கார்டிலும் டிரைவிங் லைசென்ஸிலும் இருக்கும் ரத்த வகை பல நேரம் அவரவர் வாயால் சொன்னதுதான். சோதித்து எழுதியது என்று நம்ப முடியாது.

சரி, எங்கே போய்ப் பார்ப்பது? உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே ரத்த வங்கியில் அப்பாவோடு போய் ரத்த தானம் செய்யுங்கள். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் நீங்களும் கொடுக்கலாம். தானமாக வந்த ரத்தத்தின் வகையை அவர்கள் சும்மா ஸ்லைடில் பார்த்து விட்டுவிட மாட்டார்கள். உங்கள் சிவப்பணுவை மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதோடு, உங்கள் சீரத்தை, அதாவது ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் தெளிந்த நீரை, வகை தெரிந்த ஏ அணு, பி அணுவோடு சேர்த்து எதிர்ப்பக்கத்தில் இருந்தும் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வகையை எழுதுவார்கள். செலவு இல்லை, வீட்டில் காரணமும் சொல்ல வேண்டாம், ரத்த தானம் என்று சொன்னால் போதும்.

அங்கேயும் அப்பா ஏபி, நீங்கள் ஓ என்றே வந்தால்? அப்போதும் அம்மாவிடம் போகாதீர்கள். ரத்த வங்கி டாக்டரிடம், “என் சீரத்தை ஓ அணுவோடு சேர்த்துப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். உங்கள் வினா-விடைக் கட்டில் இல்லாத விஷயம் இதுதான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

1952-இல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய குழுவினரும் ஒரு வினோதமான ரத்தத்தைப் பற்றி எழுதினார்கள். பார்வைக்கு ஓ. ஆனால் சாதாரண ஓ ரத்தத்தைக்கூட அது ஏற்காது. அதற்குத்தான் பம்பாய் ரத்த வகை என்று பெயர் வந்தது. காரணம் இது. சிவப்பணுவின் மேல் முதலில் ஹெச் என்ற பொருள் உருவாக வேண்டும். அதன் மேல் ஒரு சர்க்கரை ஒட்டினால் ஏ, வேறொரு சர்க்கரை ஒட்டினால் பி, எதுவும் ஒட்டாவிட்டால் ஓ. சுவரில் ஆணியே இல்லாவிட்டால் காலண்டரை எங்கே மாட்டுவது? ஹெச் இல்லாதவர்களிடம் ஏ ஜீன் இருந்தாலும், பி ஜீன் இருந்தாலும் அது வெளியே தெரியாது. ஏ, பி ஜீன் இருப்பது 9-ஆம் குரோமோசோமில். ஹெச் ஜீன் இருப்பது 19-ஆம் குரோமோசோமில். இரண்டும் தனித்தனியாகத்தான் பிள்ளைக்குப் போகும்.

ஆகவே ஏபி அப்பா தன் ஏ ஜீனையோ பி ஜீனையோ மகளுக்குக் கொடுத்திருப்பார். அதில் மாற்றமே இல்லை. ஆனால் அப்பாவிடமும் அம்மாவிடமும் ஹெச் ஜீனின் வேலை செய்யாத நகல் ஒவ்வொன்று மறைந்திருந்து, இரண்டும் மகளிடம் வந்து சேர்ந்தால், மகள் ஸ்லைடில் ஓ போலத் தெரிவாள். சாதாரண ஓ ஆளின் சீரம் ஏ அணுவையும் பி அணுவையும் கட்டியாக்கும், ஓ அணுவைத் தொடாது. பம்பாய் ஆளின் சீரம் ஓ அணுவையும் கட்டியாக்கும். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னேன்.

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இந்த வகை என்று கணக்கு. இதை வைத்தே உங்கள் தாளில் வரும் ஹார்டி-வைன்பெர்க் கணக்கை, அதாவது ஒரு ஜீன் மக்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கும் கணக்கை, போட்டுப் பாருங்கள். நோய்க்கு மட்டும்தான் அந்தச் சூத்திரம் என்று நோட்ஸ்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 10,000-இல் ஒன்றுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 100-இல் ஒன்று. அதுதான் அந்த ஜீனின் அளவு. மறைவாகச் சுமப்பவர்கள் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 100-இல் இரண்டு பேர். ஆனால் அந்தச் சூத்திரம் யாரும் யாரையும் பார்க்காமல் திருமணம் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. நம் ஊரிலோ மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தேடித் தேடிக் கட்டுகிறோம். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையிடம் ஒரு ஜீனின் இரண்டு நகலும் ஒரே மூதாதையிடம் இருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16-இல் ஒன்று. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் 8-இல் ஒன்று. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்களா என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பாய் வகை என்றே உறுதியானால் அது குடும்பப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. பம்பாய் ரத்தம் மட்டும்தான் உங்களுக்கு ஏற்றலாம். அதை எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். ஆனால் மறுபடியும் சொல்கிறேன், இதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பாட்டில்தான் முதல் குற்றவாளி.

இன்ஸ்டாகிராம் ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அப்பாவின் தலைமுடியைத் திருடிக் கொண்டுவரச் சொல்வார், பாதிப் பணம் முன்னால் கேட்பார். கடைசியில் ஒரு பி.டி.எஃப். வரும். எந்த லேபில், யார் பார்த்தது என்று அதில் இருக்காது. அதை வைத்துக்கொண்டு காலம் முழுக்க ஒரு வீட்டில் எப்படி இருப்பீர்கள்? போலி ரிப்போர்ட்டைவிட மோசம், இந்தப் பயத்தை வைத்துப் பிறகு உங்களை மிரட்டுவது. அவருடைய எண்ணை பிளாக் செய்யுங்கள்.

அடுத்து சென்டர். ‘ஷ்யூர் கொஸ்டின்’ என்பது என்ன தெரியுமா? பழைய கேள்வித்தாள்களை வைத்து, அடிக்கடி வந்த கேள்விகளைப் பொறுக்கிக் கட்டியது. அதை உங்கள் சீனியர் ஒருத்தி ஒரு மாலையில் செய்துவிடுவாள். பழைய கேள்வித்தாளை நூலகத்திலும் சீனியர்களிடமும் வாங்கலாம். இன்னும் கொஞ்சம் துணிந்தவர்கள், “பேப்பர் திருத்துகிறவர் நம்ம ஆள், ரீவேல்யூவேஷனில் பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். திருத்தப் போகும் விடைத்தாளில் உங்கள் பதிவெண் இருக்காது, டம்மி எண்தான். நீங்களே நன்றாக எழுதி பாஸானால் பணம் அவர்களுக்கு. ஃபெயில் ஆனால் ‘இந்த முறை ஆள் மாறிவிட்டார்’. இந்த வியாபாரத்தில் அவர்களுக்கு நஷ்டமே கிடையாது.

அவர்களை மட்டும் திட்டியும் பயனில்லை. நிரந்தர ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்து, கௌரவ விரிவுரையாளர் ஒருவர் தலையில் மூன்று பாடத்தைக் கட்டி, அவரிடம் மரபியல் கணக்கையும் பொறுமையாகச் சொல்லிக்கொடு என்றால் எப்படி முடியும்? கணக்குக்குப் பதிலாக ‘மெண்டல் பற்றிக் குறிப்பு வரைக’ என்று எழுதிப் போட்டுவிட்டுப் போகிறார். மாணவர்களும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம் கேள்வியில் பெயரை மாற்றினாலே கை நின்றுவிடுகிறது.

மரபியலில் பாஸாக இப்படிச் செய்யுங்கள். உங்கள் வீட்டையே கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஏபி, அம்மா பி, ஆனால் உள்ளே ஓ ஜீனும் வைத்திருக்கிறார், இரண்டு பேரிடமும் ஹெச் ஒன்று நல்லது, ஒன்று வேலை செய்யாதது. ஒவ்வொருவருக்கும் நான்கு வகை கேமீட் (விந்தணு அல்லது முட்டை) வரும். முதலில் அந்தக் கேமீட்டை எழுதுங்கள். நேராகக் கட்டத்துக்குப் போகிறவர்கள்தான் தப்பு விடுகிறார்கள். 16 கட்டம் போட்டு நிரப்புங்கள். ஏ 3, ஏபி 3, பி 6, ஓ போலத் தெரிவது 4 என்று வர வேண்டும். வரவில்லை என்றால் கட்டத்தை அழிக்க வேண்டாம், கேமீட் வரிசையைப் பாருங்கள். வந்துவிட்டால் அம்மாவை ஏபி ஆக்கி மறுபடி போடுங்கள். ஒரு பெற்றோரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால், பரீட்சையில் எப்படித் திருப்பிக் கேட்டாலும் பயம் இருக்காது. 16-இல் 4 என்றால் நான்காவது பிள்ளை ஓ என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக அதே வாய்ப்பு. இதையும் நோட்ஸில் தப்பாக எழுதி விற்கிறார்கள்.

பரிணாமத்துக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. ‘உயரத்தில் இருந்த இலையைத் தின்ன வேண்டியிருந்ததால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது’ என்று டார்வின் பெயரில் எழுதாதீர்கள். அது 1809-இல் லாமார்க் சொன்ன வழி. 1859-இல் டார்வின் சொன்னது, ஏற்கெனவே வேறுபட்டுப் பிறந்தவற்றில் எது அதிகம் குட்டி போட்டது என்பதை. உடலியங்கியலுக்கு வரைபடம் போட்டுப் பழகுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடிக்கிறது என்று காட்டும் வளைவு, கார்பன் டை ஆக்சைடு கூடினால் வலப்பக்கம் ஏன் நகர்கிறது என்று ஒருமுறை வரைந்து புரிந்துகொண்டால் இரண்டு பக்க விடையை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

வீட்டில் உட்கார இடம் இல்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு.

அந்த 6,000 ரூபாயில் முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் இந்த வாரமே ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கேளுங்கள். ரசீது இல்லை என்று தயங்க வேண்டாம்; ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டே போதும். ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் அந்த மாடியில் வேறு போர்டு தொங்கும்.