தினமும் பெருக்கிய தெருவை வாரம் இரு முறையாகக் குறைத்தால் என்ன செய்யலாம்?

கேள்வி: தென்சென்னையில், பேருந்து செல்லாத உட்புறத் தெருவில் குடியிருக்கிறோம். நாள்தோறும் பெருக்கப்பட்டு வந்த எங்கள் தெருவுக்கு இனி வாரம் இரண்டு நாள்தான் வருவோம் என்று தூய்மைப் பணியாளர் சொல்கிறார். சொத்து வரியை ஒழுங்காகக் கட்டும் எங்களுக்கு இது நியாயமா? மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் புகார் செய்தும் பயனில்லை.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானதுதான், ஆனால் சொத்து வரியை முன்வைத்து வாதாடுவது கைகொடுக்காது. தெருக்களையும் சந்துகளையும் நாள்தோறுமோ, ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, வாரம் இரு முறையோ பெருக்கிக் குப்பையைச் சேகரிக்க 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே உள்ளாட்சி அமைப்புகளுக்கு இடமளித்தன. எனவே வாரம் இரு முறை என்பது மட்டும் விதிமீறல் ஆகிவிடாது. ஆனால் மக்கள்தொகை அடர்த்தி, வணிக நடவடிக்கை, அப்பகுதியின் சூழல் ஆகியவற்றைப் பொறுத்தே அதை முடிவு செய்ய வேண்டும் என்றும் அவ்விதிகள் சொல்லின. உங்கள் வாதத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1913 எண்ணும் மாநகராட்சியின் 'நம்ம சென்னை' கைபேசிச் செயலியும் வர வேண்டிய நாளில் ஆள் வராதபோது பயன்படுபவை. ஒரு முறை பெருக்கியதும் அந்தப் புகார் முடிந்துவிடும், அட்டவணை மாறாது. அட்டவணையை மாற்றக் கோரும் மனுவை மண்டல அலுவலருக்கு எழுதி, நகலை உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை பெறுங்கள். வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களுக்காகவும் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்திலும் இதை எழுப்பலாம். பணியாளரிடம் முறையிடுவதில் பொருளில்லை. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்பதை அவர் முடிவு செய்வதில்லை.

மனுவுக்கு முன், உங்கள் தெருவுக்குரிய நாள்களையும் நேரத்தையும் வார்டு அலுவலகத்தில் கேட்டறியுங்கள். சொல்ல மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் குறைத்தீர்கள்?" என்று கேட்டால் நழுவலான பதில்தான் வரும். அட்டவணையின் நகலையும் அதை மாற்றிய உத்தரவின் நகலையும் கேளுங்கள். உங்கள் மண்டலத்தில் இப்பணி தனியார் நிறுவனத்திடம் இருந்தால், பெருக்கும் பணி குறித்த ஒப்பந்தப் பக்கங்களையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

மனுவில் அதிகம் எழுத வேண்டியது சூழலைப் பற்றித்தான். தெருவில் புங்க மரங்கள் இருந்தால் மாசி, பங்குனியில் இரண்டே நாளில் சருகு கணுக்கால் அளவு சேரும். அது மழைநீர் வடிகாலின் கம்பிச் சட்டத்தின்மேல் பால் பாக்கெட் துண்டுகளோடும் மணலோடும் ஒட்டிக்கொண்டு, ஒரு மழைக்குப் பின் பாய் விரித்தாற்போல் துவாரங்களை மூடிவிடும். அந்தக் கம்பிச் சட்டத்தைப் பெருக்கிய அன்றும், அடுத்த முறை பெருக்குவதற்குச் சற்று முன்பும், தேதி தெரியுமாறு படமெடுத்து இணையுங்கள். தெருவில் உள்ள உணவகம், பள்ளி, அடுக்குமாடி வீடுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் குறிப்பிடுங்கள். ஆண்டு முழுவதும் தினமும் பெருக்கக் கோருவதைவிட, இலையுதிர் மாதங்களிலும் மழைக்காலத்திலும் மட்டும் நாள்தோறும், மற்ற மாதங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கேட்பது ஏற்கப்பட வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

பெருக்கும் நாள்களில் வண்டிகளை ஒரே பக்கமாக நிறுத்திக்கொள்வதாகக் குடியிருப்போர் சங்கம் எழுதிக் கொடுத்தால் மனு வலுப்பெறும், ஏனெனில் நின்ற காருக்கடியில் விளக்குமாறு நுழைவதில்லை.

வீடு வீடாகக் குப்பை வாங்குவது வேறு பணி. பெருக்கும் நாள்கள் குறைந்ததைக் காரணம் காட்டி அதையும் குறைத்தால், உடனே 1913-இல் தனிப் புகாராகப் பதியுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், அட்டவணை மனுவை ஆகஸ்டு மாதத்திற்குள் கொடுத்துவிடுங்கள்.